ஹிஸ்டமின் சகிப்பின்மை உள்ளோர் லாவோஸ் தெருக்கடைகளில் உண்பது எப்படி?

வெளிநாட்டுப் பயணம் செல்வோர்க்கு மருத்துவர்கள் வழக்கமாகக் கூறும் அறிவுரை ஒன்று உண்டு. ஆவி பறக்கச் சமைத்த உணவையே உண்ண வேண்டும், ஆறியதையும் பச்சையானதையும் தவிர்க்க வேண்டும் என்பதே அது. வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, கல்லீரல் அழற்சி முதலியவற்றைத் தடுக்க இது மிகச் சரியான அறிவுரை. ஆயினும், ஹிஸ்டமின் சகிப்பின்மை உள்ளவர்க்கு இது மட்டும் போதாது. அவர்களுக்குத் தொல்லை தருவது உயிருள்ள கிருமியன்று; கிருமிகள் உணவில் முன்னரே உண்டாக்கி விட்டுச்சென்ற ஒரு வேதிப்பொருள். அடுப்பின் வெப்பம் கிருமியைக் கொல்லும். அந்த வேதிப்பொருளை அது அழிப்பதில்லை.

தென்கிழக்கு ஆசியப் பயணத்தில் லாவோஸையும் சேர்த்துக்கொள்ளும் நோயாளிகள் சிலர், அங்குத் தெருக்கடைகளில் உண்ணலாமா என்று கேட்கின்றனர். உண்ணலாம் என்பதே எம் விடை. ஆனால், கடையின் முன் நின்று கேட்க வேண்டிய கேள்வி மாறுபடும். “சூடாக இருக்கிறதா?” என்பதோடு, “இந்த மீனும் இறைச்சியும் எத்தனை நேரமாக, எத்தனை நாளாக இருக்கின்றன?” என்றும் கேட்க வேண்டும். அதற்கான காரணத்தையும், லாவோஸ் உணவுகளில் அதைக் கடைப்பிடிக்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஹிஸ்டமின் உருவாகும் விதம்

மீன், இறைச்சி ஆகியவற்றின் புரதத்தில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் உள்ளது. உயிர் நீங்கிய உடலில் சில வகை பாக்டீரியாக்கள் பெருகும்போது, அவற்றின் நொதி ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகிறது. வெயில் மிகுதியும் நேர நீட்டிப்பும் இதை விரைவுபடுத்துகின்றன. ஒருமுறை உருவான ஹிஸ்டமின், வேகவைத்தாலும் வறுத்தாலும் உறைய வைத்தாலும் அழிவதில்லை. சுவையாலும் மணத்தாலும் அதைக் கண்டறிவதும் இயலாது.

உணவில் வரும் ஹிஸ்டமினைச் சிதைக்க, நம் சிறுகுடலின் உட்பூச்சில் டயமின் ஆக்சிடேஸ் என்னும் நொதி உள்ளது. இந்த நொதி போதிய அளவு செயற்படாதவர்க்கு, மற்றவர்களை ஒன்றும் செய்யாத அளவே தொல்லை தரும். முகம் சிவத்தல், தலைவலி, தோலில் தடிப்பு, அரிப்பு, மூக்கடைப்பு, நெஞ்சு படபடப்பு, வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு ஆகியன பொதுவான அறிகுறிகள்.

இங்கு அளவே முதன்மையானது. நலமுள்ள ஒருவர் ஒரு வேளையில் 50 மி.கி. ஹிஸ்டமின் வரை உட்கொண்டாலும் தீங்கு எதிர்பார்க்கப்படுவதில்லை என்று, உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் இணைந்து 2012இல் கூட்டிய வல்லுநர் குழு கூறியது. சகிப்பின்மை உள்ளவரின் வரம்பு இதனினும் குறைவு; ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் அது மாறும். ஆகவே, ஒரே உணவு திங்கட்கிழமை ஒன்றும் செய்யாமல், வெள்ளிக்கிழமை வேறு உணவுகளோடு சேர்ந்தபோது தொல்லை தருவது இயல்பே.

ஒவ்வாமை வேறு, சகிப்பின்மை வேறு

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது உயிருக்கே ஆபத்தாகலாம். இறால், மீன், நிலக்கடலை முதலியவற்றுக்கு உண்மையான ஒவ்வாமை உள்ளவர்க்கு நோயெதிர்ப்பு மண்டலமே தாக்குதலைத் தொடங்குகிறது. ஒரு துகள் போதும். பப்பாளிக் கலவை இடிக்கும் உரலில் முந்தையவருக்காகப் போட்ட உலர் இறாலோ கடலையோ சிறிது ஒட்டியிருந்தாலும், அவர் அந்த உரலில் இடித்ததை உண்ணக் கூடாது. ஹிஸ்டமின் சகிப்பின்மை மட்டுமே உள்ளவர்க்கு, உரலில் ஒட்டியிருக்கும் சிறு எச்சம் பொதுவாகப் பொருட்டன்று. தாம் உண்ணும் மொத்த அளவைக் குறைத்தாலே அவருக்குப் போதுமானது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. கெட்டுப்போன சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டமின் மிக மிகுதியாகச் சேர்ந்து, நலமுள்ளவரையும் சில நிமிடங்கள் முதல் இரண்டொரு மணி நேரத்துக்குள் தாக்கும். இது ஹிஸ்டமின் நஞ்சேற்றம். உடன் உண்டவர்க்கும் அதே நேரத்தில் முகம் சிவந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் எனில், குற்றம் பெரும்பாலும் அந்த மீனுடையது. இச்செய்தியை மருத்துவரிடம் கூறாவிட்டால், தேவையின்றி “மீன் ஒவ்வாமை” என்ற பெயர் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொள்ளும்.

தம் நோய் இவற்றுள் எது என்று உறுதி செய்யாமல் பயணம் புறப்படுவது நன்றன்று. சகிப்பின்மையை உறுதி செய்ய ஒரே ஓர் இரத்தப் பரிசோதனை போதுமானதன்று. பிற நோய்கள் இல்லையென ஆராய்ந்தபின், உணவியலாளரின் மேற்பார்வையில் சில வாரங்கள் ஹிஸ்டமின் குறைந்த உணவை உண்டு, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பதே நடைமுறை.

லாவோஸ் சமையலில் எச்சரிக்கை தேவைப்படுவன

லாவோஸ் கடற்கரை இல்லாத நாடு. மெக்கோங் ஆறும் அதன் கிளையாறுகளும் தரும் நன்னீர் மீனை, ஆண்டு முழுவதும் கெடாமல் காக்க அம்மக்கள் கண்ட வழியே பாடேக். மீனை உப்போடும் அரிசித் தவிட்டோடும் கலந்து சாடியில் அடைத்து, பல மாதங்கள், சில வீடுகளில் ஓராண்டுக்கும் மேலாக நொதிக்க வைக்கின்றனர். மீன் துண்டுகள் மிதக்கும் அந்தக் கலங்கிய குழம்பே லாவோஸ் சமையலின் அடிப்படைச் சுவை. நம் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு உண்டபின் முகம் சிவந்து தலைவலி காண்பவர், பாடேக்கிலும் அதே தொல்லையை எதிர்பார்க்க வேண்டும்.

நாம் பா எனப்படும் தெளிந்த மீன் சாறும் நொதித்ததே. பன்னாட்டு உணவுத் தரக் குழுவாகிய கோடெக்ஸ், மீன் சாற்றில் கிலோவுக்கு 400 மி.கி. ஹிஸ்டமினை உச்ச வரம்பாக வைத்துள்ளது. அந்த வரம்பை எட்டிய சாற்றில் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால், ஏறத்தாழ 7 மி.கி. உடலில் சேரும். இது வரம்புக்கு உட்பட்ட புட்டிச் சாற்றுக்கான கணக்கு. வீட்டுச் சாடியில் செய்த பாடேக்கை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

இவை எந்தெந்த உணவில் உள்ளன என்பதை அறிந்துகொள்வது நலம்:

தம் மாக் ஹூங்: பச்சைப் பப்பாளியைச் சீவி, மிளகாய், தக்காளி, எலுமிச்சையோடு உரலில் இடிக்கும் கலவை. லாவோஸ் முறையில் இதில் பாடேக் கட்டாயம். உப்பிட்ட வயல் நண்டும் இறால் விழுதும் பல கடைகளில் சேர்க்கப்படும்.

லாப்: கொத்திய இறைச்சி அல்லது மீனோடு வறுத்த அரிசிமாவும் புதினா போன்ற இலைகளும் கலந்தது. மீன் சாறு அல்லது பாடேக் இருக்கும்.

சொம் மூ, நெம் காவ்: சொம் மூ என்பது புளிக்க வைத்த பன்றியிறைச்சி. பொரித்த சோற்று உருண்டையை உதிர்த்து அதனோடு கலப்பது நெம் காவ். இரண்டும் தவிர்க்கத் தக்கன.

ஜியாவ் போங்: லுவாங் பிரபாங் நகரின் மிளகாய் விழுது. காய்ந்த எருமைத்தோல் சேர்வது, பாடேக்கும் சேரலாம்.

மொக் பா: மீனை இலைகளோடு வாழையிலையில் கட்டி ஆவியில் வேகவைப்பது. பார்வைக்கு எளிய உணவாகத் தோன்றினாலும் பெரும்பாலும் பாடேக் சேர்ந்திருக்கும்.

லுவாங் பிரபாங் காவ் ஸோய்: தக்காளியும் கொத்திய பன்றியிறைச்சியும் நொதித்த சோயா விழுதும் சேர்ந்த குழம்பு மேலே இடப்படும் அரிசி நூடுல்ஸ்.

காவ் ஜீ பாதே: பிரெஞ்சு ஆட்சிக்காலம் விட்டுச்சென்ற நீள ரொட்டி. ஈரல் விழுதும் பதப்படுத்திய பன்றியிறைச்சியும் உள்ளே வைக்கப்படும்.

உலர்த்திய மாட்டிறைச்சி வகைகளும், காலையில் சுட்டு மாலைவரை குச்சியில் அடுக்கியிருக்கும் இறைச்சியும் இப்பட்டியலில் சேரும். லுவாங் பிரபாங் இரவுச் சந்தையில், குவித்து வைத்த உணவுகளிலிருந்து வேண்டியதைத் தட்டில் அள்ளிக்கொண்டால், கடைக்காரர் அதை வாணலியில் மீண்டும் சூடாக்கித் தரும் கடைகள் உண்டு. மற்றப் பயணிகளுக்கு அச்சூடு ஓரளவு பாதுகாப்பு. உங்களுக்கோ, மேசையில் மீனும் இறைச்சியும் கிடந்த நேரமே கணக்கில் வரும். அங்கு உண்ண நேர்ந்தால் காய்கறியையும் சோற்றையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்பி உண்ணத் தக்கவை

விலக்க வேண்டிய பட்டியல் நீளமாகத் தோன்றினும், வயிறார உண்ண அங்கே நிறைய இருக்கிறது.

அம்மக்களின் அன்றாட உணவான காவ் நியாவ், நம் செட்டிநாட்டுக் கவுனியைப் போல ஒட்டும் தன்மையுள்ள அரிசியை ஆவியில் வேகவைத்தது. மூங்கிற் கூடையில் வரும். எவ்விதச் சேர்க்கையும் இல்லாத இதையே ஒவ்வொரு வேளைக்கும் அடிப்படையாகக் கொள்ளலாம். இதைத் தட்டையாகப் பிடித்து, முட்டை தடவிக் கரியடுப்பில் சுடுவதும் காவ் ஜீ என்றே அழைக்கப்படுகிறது. ரொட்டிக்கும் அதே பெயர் என்பதால், கையால் சுட்டிக் காட்டிக் கேளுங்கள். முட்டையில் மீன் சாற்றுக்குப் பதில் உப்புப் போடச் சொல்லுங்கள்.

உப்புப் பூசி, வயிற்றில் எலுமிச்சைப்புல் திணித்துச் சுடும் ஜிலேபி மீன் எங்கும் கிடைக்கும். கடல் மீன்களான சூரை, கானாங்கெளுத்தியைவிட இதில் ஹிஸ்டிடின் குறைவு. உயிரோடு தொட்டியில் இருக்கும் மீனையோ, அன்று காலை வந்த மீனையோ உங்கள் முன் சுடும் கடையைத் தேர்ந்தெடுங்கள். தொட்டுக்கொள்ளத் தரும் மிளகாய்ச் சாற்றில் மீன் சாறு இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு எலுமிச்சையும் உப்பும் கேளுங்கள்.

பிங் கை எனப்படும் சுட்ட கோழியைப் பொதுவாக மீன் சாறு கலந்த மசாலாவில் ஊறவைப்பர். ஊறவைக்காத துண்டை உப்பும் மிளகும் இட்டுச் சுட்டுத் தரச் சில கடைகள் இசையும். சந்தைகளில் இறைச்சி விடியற்காலையில் வந்து, பெரும்பாலும் குளிர்பெட்டியின்றியே விற்கப்படுகிறது. எனவே இறைச்சியைக் காலையிலோ நண்பகலிலோ உண்டு, இரவில் சோறு, முட்டை, காய்கறி என்று அமைத்துக்கொள்வது நல்லது. மார்ச், ஏப்ரல் மாதக் கோடையில் இது இன்னும் முக்கியம்.

காவ் பியாக் சென் என்னும் தடித்த அரிசி நூடுல்ஸ் சாறு, காலை உணவாகப் பெரிதும் விரும்பப்படுவது. மீன் சாறு, இறால் விழுது, மிளகாய் ஆகியவற்றை உண்பவரே மேசையில் சேர்த்துக்கொள்வது அங்கு வழக்கம் என்பதால், அவற்றைத் தொடாமல் உண்ண இயலும். சாற்றிலேயே முன்பு மீன் சாறு விட்டிருக்கக் கூடும். ஆகவே முதல் நாள் சாற்றைக் குறைத்து நூடுல்ஸையும் கோழியையும் மட்டும் உண்டு பாருங்கள். அன்று காலை வைத்த சாறுதானா என்றும் கேளுங்கள்.

இனிப்பு விரும்புவோர்க்குத் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் சேர்த்து நம் குழிப்பணியாரம் போலச் சுடும் காவ் நோம் கோக் உண்டு. மூங்கிற் குழாயில் அரிசியும் தேங்காய்ப்பாலும் இட்டுச் சுடும் காவ் லாம் உண்டு. இளநீரும் மாம்பழமும் பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்ளும். எலுமிச்சை, அன்னாசி, வாழை போன்றவை உடலிலுள்ள ஹிஸ்டமினை வெளியேற்றும் என்று சில பட்டியல்கள் கூறுவதற்கு வலுவான சான்று இல்லை. உங்களுக்குத் தொல்லை தந்ததை மட்டும் தவிருங்கள். தக்காளியும் கத்தரியும் உங்களுக்கு ஒவ்வாதவை எனில், அவை சேர்ந்த துவையல்களையும் நினைவில் வையுங்கள்.

கடைக்காரரிடம் பேசுதல்

லாவோஸ் மொழியில் “பொ ஸை பாடேக்” என்றால் பாடேக் போட வேண்டாம் என்று பொருள். “பொ ஸை நாம் பா” என்பது மீன் சாறு வேண்டாம் என்பது. ஆயினும் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். தங்கும் விடுதியின் ஊழியரிடம் கீழ்க்கண்டவற்றை லாவோஸ் மொழியில் எழுதித் தரும்படி கேட்டு, அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்: “நொதித்த மீன், மீன் சாறு, இறால் விழுது, சோயா சாறு, புளித்த இறைச்சி ஆகியவை எனக்கு ஆகா. உப்பு மட்டும் போட்டுப் புதிதாகச் சமைத்துத் தாருங்கள்.”

பாடேக் இல்லாத உணவை உணவென்றே கருதாத முதியவர்கள் அங்கு உண்டு. மறுப்பது அவர்களை இழிவுபடுத்துவதாகாமல் இருக்க, நம்மைப் போலவே கைகூப்பி வணங்கும் வழக்கமுள்ள அவர்களிடம், உடல்நலக் காரணம் என்று கூறினால் போதும். ஒருவர் பரிவோடு அளித்ததை மறுக்கக் கூசி உண்டுவிட்டு, இரவெல்லாம் துன்புறுவோர் பலர்.

கூட்டம் மிகுந்த கடையில் பொருள் விரைவாகத் தீர்ந்து புதியது வரும். அங்கே சென்று, உங்கள் கண்முன் சமைப்பதைக் கேட்டு வாங்குங்கள். பச்சை மீன், பச்சை இறைச்சி சேர்ந்த உணவுகளை யாவருமே தவிர்க்க வேண்டும். மெக்கோங் வட்டாரத்து நன்னீர் மீனில் உள்ள கல்லீரல் தட்டைப்புழு, நாளடைவில் பித்தநாளப் புற்றுக்கு வழிவகுப்பது.

மதுவும் மருந்தும்

மது, டயமின் ஆக்சிடேஸின் செயலைத் தடுக்கிறது. பீரில் ஹிஸ்டமினும் உண்டு. அரிசியிலிருந்து வடித்த லாவோ லாவோ என்னும் சாராயத்தில் ஹிஸ்டமின் குறைவாயினும், அதிலுள்ள மது தடையாகவே நிற்கும். பப்பாளிக் கலவை, புளித்த இறைச்சி, குளிர்ந்த பீர் மூன்றும் ஒரே மேசையில் சேரும்போதே கடும் தொல்லை நேர்கிறது. மூன்றையும் தவிர்ப்பது சிறப்பு. இயலாதெனில், மதுவை முதலில் விடுங்கள்.

சில மருந்துகளும் இந்நொதியைத் தடுக்கும். காசநோய்க்கான ஐசோனியாசிட் உட்கொள்வோர் சூரை போன்ற மீன் உண்டு கடும் எதிர்வினைக்கு உள்ளானது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லி, குளோரோகுவின் ஆகியவையும் ஆய்வகத்தில் அந்நொதியைத் தடுத்துள்ளன. எந்த மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம். பட்டியலைப் புறப்படும் முன் மருத்துவரிடம் காட்டினால் போதும்.

தொல்லை நேர்ந்தால்

முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி அளவில் இருந்தால் உண்பதை நிறுத்தி, மருத்துவர் எழுதித் தந்த செடிரிசின் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையை உட்கொண்டு, நீர் அருந்தி ஓய்வெடுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும். மாத்திரை இருக்கிறது என்ற துணிவில் பாடேக் உண்பது தகாது.

பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும் அது சகிப்பின்மைதான் என்று காத்திருக்கக் கூடாது: மூச்சுத் திணறல் அல்லது இழுப்பு, நாக்கு அல்லது தொண்டை வீக்கம், குரல் மாற்றம், மயக்கம், தோல் தடிப்போடு தொடர் வாந்தி. இவை உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சியின் அறிகுறிகள். அட்ரினலின் ஊசி தரப்பட்டிருந்தால் உடனே தொடையில் செலுத்த வேண்டும். மாத்திரை அதற்கு ஈடாகாது. நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் கால் நீட்டி உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசிக்குப் பின்னும் மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம்.

தலைநகர் வியந்தியானில் மஹோசொத் மருத்துவமனை உள்ளது. 1994இல் திறக்கப்பட்ட நட்புறவுப் பாலத்தைக் கடந்தால் தாய்லாந்தின் நோங் காய் நகரம். மலைப்பகுதி ஊர்களிலோ நல்ல மருத்துவமனையை அடைய மணிக்கணக்கில் ஆகலாம். எனவே, புதிய உணவைச் சோதித்துப் பார்ப்பதை நகரத்தில் பகல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப் படகிலும் மலைக் கிராமத்திலும், முன்பே ஒத்துக்கொண்டவற்றை மட்டும் உண்ணுங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

மருந்துகள், அவற்றுக்கான மருத்துவர் கடிதம், மருத்துவச் செலவையும் வேறிடத்துக்கு மாற்றும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். ஊசி எங்கே உள்ளது, எப்படிச் செலுத்துவது என்பதை உடன் செல்வோரில் ஒருவரேனும் கற்றிருக்க வேண்டும். முதல் இரண்டு நாட்கள் சோறு, முட்டை, உப்பிட்டுச் சுட்ட புதிய மீன் என்று எளிமையாகத் தொடங்கி, பின் நாளொன்றுக்கு ஒரு புதிய உணவாகச் சேர்த்து, உண்டதையும் நேரத்தையும் உடல்நிலையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்.

அச்சத்தால் எல்லாவற்றையும் விலக்கி, ரொட்டியும் பழமும் மட்டுமே உண்டு திரும்புவோரையும் நாங்கள் காண்கிறோம். நீண்ட நாள் அவ்வாறு உண்பது எடையையும் ஊட்டத்தையும் குறைக்கும். பயணத்தின் மகிழ்வையும் கெடுக்கும். திரும்பியபின் அந்தக் குறிப்பேட்டை அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள். அதை வைத்து, உங்கள் விலக்குப் பட்டியலிலிருந்து எவற்றை நீக்கலாம் என்று உணவியலாளரோடு சேர்ந்து முடிவு செய்வோம்.